ஒரு கடிதமும் ஒரு கோரிக்கையும்

ஒரு சமுதாயம் எவற்றை விலக்கியது என்று அறிவது எளிது. சட்ட நூல்கள் அதனைச் சொல்லும். மூத்தோர் வாய்மொழி சொல்லும். மீறியவர் பட்ட துன்பமும் சொல்லும். அச்சமுதாயம் எவற்றை விலக்காமல் விட்டுவைத்தது என்று அறிவதே அரிது. விலக்கப்படாத ஒன்று பேசப்படுவதில்லை. பேசப்படாத ஒன்று ஏட்டில் ஏறுவதுமில்லை. ஆயினும், ஒரு காலத்தின் அறத்தை எடைபோட வேண்டுமானால் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

காலனி நாடுகளைக் களமாகக் கொண்ட பழைய ஆங்கிலத் திரைப்படங்கள் பலவற்றில் ஒரே கதை உருமாறி உருமாறி வருகிறது. வெள்ளை இனத்தவர் ஒருவர். மண்ணின் இனத்தவர் மற்றொருவர். இருவர்க்கும் இடையே ஒரு கோடு. கோட்டைத் தாண்டிய காதல். முடிவில் சாவு, அல்லது பிரிவு. பார்ப்போர் உள்ளம் உருகுகிறது. கொடிய உலகம் காதலைப் பிரித்துவிட்டதே என்று பெருமூச்செறிகிறோம். அந்தப் பெருமூச்சு தக்க இடத்தில்தான் விழுகிறதா? விலக்கப்பட்டது உண்மையில் காதல்தானா, வேறொன்றா? மலாயாத் தமிழர் வழிவந்த நாம் இவ்வினாவைப் பிறரைக் காட்டிலும் நெருங்கி நின்று கேட்க முடியும். அத்தகைய படங்களுள் புகழ்மிக்க ஒன்று, கோலாலம்பூரில் நிகழ்ந்த ஒரு கொலையிலிருந்து பிறந்தது. அது காட்டும் களமோ ரப்பர்த் தோட்டம்.

1911ஆம் ஆண்டு ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை இரவு. விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் என்னும் ஆங்கிலப் பள்ளி அக்காலத்தில் ஹை ஸ்திரீட்டில், கிள்ளான் ஆற்றை ஒட்டி இருந்தது. இன்று அத்தெருவுக்கு ஜாலான் துன் எச். எஸ். லீ என்று பெயர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவுதான். பள்ளியின் பொறுப்புத் தலைமையாசிரியராக இருந்த வில்லியம் பிரவுட்லாக் அன்றிரவு வேறோர் ஆசிரியர் வீட்டுக்கு விருந்துண்ணச் சென்றிருந்தார். அவர் மனைவி ஏதெல் வீட்டில் தனித்திருந்தார். ஈயச் சுரங்க மேலாளராக இருந்த வில்லியம் ஸ்டூவர்ட் என்பவர் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். இழுத்து வந்தவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே சென்றார். சிறிது நேரத்தில் துப்பாக்கி முழங்கியது. ஸ்டூவர்ட் வீட்டின் முன்னே பிணமாகக் கிடந்தார். தம்மைப் பலவந்தப்படுத்த முயன்றதால் தற்காப்புக்காகச் சுட்டதாக ஏதெல் கூறினார்.

ஜூன் மாதம் வழக்கு நடந்தது. நீதிமன்றம் அவர் கூற்றை ஏற்கவில்லை. கொலைக் குற்றம் உறுதி செய்யப்பட்டுத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மலாயாவிலிருந்த ஐரோப்பியரிடையே பெருங்கொந்தளிப்பு எழுந்தது. மன்னிப்பு வேண்டி விண்ணப்பங்கள் சென்றன. ஜூலையில் சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு வழங்கினார். ஏதெல் விடுதலை பெற்று இங்கிலாந்து சென்றார். ஆளும் இனத்துப் பெண்மணி ஒருத்தியின் உயிர், ஆளப்படும் நாட்டு மன்னரின் கையெழுத்தில் தொங்கிய விந்தையை வரலாறு ஓசையின்றிக் குறித்து வைத்திருக்கிறது.

இவ்வழக்கில் நாம் கருதவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஸ்டூவர்ட் ஒரு சீனப் பெண்ணோடு வாழ்ந்து வந்தார் என்பது வழக்கின்போது வெளிப்பட்டது. அவருடைய சாவினால் உண்மையில் வாழ்விழந்தவள் யார் என்று கேட்டால், அப்பெண்ணைத்தான் முதலில் நினைத்தல் வேண்டும். ஆனால், அன்று முதல் இன்று வரை அவ்வழக்கைப் பற்றி எழுதுவோர் ஏதெல் என்ன நினைத்தார், ஏதெல் ஏன் சுட்டார் என்றே எழுதுகின்றனர். சீனப் பெண் ஒரு வரியில் வருகிறாள். மறு வரியில் மறைகிறாள்.

சாமர்செட் மாம் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1921இல் மலாயாவுக்கு வந்தார். இவ்வழக்கைச் செவியுற்றுத் ‘தி லெட்டர்’ என்னும் சிறுகதையை எழுதினார். 1926இல் அது ‘தி காசுவரினா ட்ரீ’ என்னும் தொகுப்பில் இடம்பெற்றது. 1927இல் நாடகமாக இலண்டன் மேடையேறியது. 1929இல் ஒரு முறையும் 1940இல் மறு முறையும் திரைப்படமாயிற்று. பிந்திய படத்தை இயக்கியவர் வில்லியம் வைலர். நாயகி பெட்டி டேவிஸ். (முதற்படத்தில் காதலனாக நடித்த ஹெர்பர்ட் மார்ஷல், இரண்டாம் படத்தில் ஏமாற்றப்பட்ட கணவனாக நடித்தார் என்பது சுவையான செய்தி.) ஆசிரியரின் மனைவி கதையில் தோட்ட முதலாளியின் மனைவியானாள், பள்ளி ரப்பர்த் தோட்டமாயிற்று, நீதிமன்றம் சிங்கப்பூருக்குப் போயிற்று. மலாயாவில் வாழ்ந்த வெள்ளையர் பலர் மாமின் கதைகளை விரும்பவில்லை. விருந்துண்டு சென்றவர் வீட்டுக் கதையை ஊரறியச் செய்துவிட்டார் என்பது அவர்கள் மனக்குறை.

1940ஆம் ஆண்டுப் படத்தின் தொடக்கக் காட்சியைப் பார்த்தோர் மறப்பதில்லை. முழுநிலவு. ஒரு ரப்பர் மரம். அதன் காயத்திலிருந்து பால் சொட்டுச் சொட்டாக வழிகிறது. படக்கருவி மெல்ல நகர்கிறது. கொட்டகையில் தொழிலாளர் தொட்டில்களில் உறங்குகின்றனர். திடீரென்று வெடியோசை. பங்களாவின் படிகளில் ஓர் ஆண் சரிகிறான். துப்பாக்கி ஏந்திய வெள்ளைப் பெண் மீண்டும் மீண்டும் சுடுகிறாள். உறங்கியவர்கள் திடுக்கிட்டு எழுகின்றனர்.

திரைக்கலை என்ற வகையில் இதற்கு ஈடு சொல்வது அரிது. ஆனால், தோட்டத்தில் பிறந்த பிள்ளை ஒருவன் இதனைப் பார்த்தால் முதலில் வேறொன்று கேட்பான். பால் வெட்டுவது விடியற்காலை வேலை. இருள் பிரியுமுன் பெரட்டுக்குப் போய், பொழுது புலரும் வேளையில் வெட்டத் தொடங்கி, வெயில் ஏறிய பின் மங்குகளிலிருந்து பாலைத் திரட்டிக் கொட்டகைக்குச் சுமந்துவிடுவர். வெட்டிய காயம் அன்று பகலிலேயே உறைந்துவிடும். நடு இரவில், நிலவொளியில், யார் வெட்டிய பால் இப்படி வழிகிறது? கலிபோர்னியாவின் படப்பிடிப்புத் தளத்திலே பால்மரத்துக்கும் நேரம் காலம் கிடையாது போலும்!

இது குறும்பான கேள்வி என்று தள்ளிவிடலாம். ஆனால், அதற்குள் ஒரு கடுமையான கேள்வி உறங்குகிறது. பால் வழிவது காட்டப்படுகிறது; வெட்டிய கை காட்டப்படவில்லை. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய கைகளுள் பெரும்பகுதி தமிழர் கைகள். படத்திலோ உறங்கும் அந்தத் தொழிலாளர் இன்ன மொழியினர், இன்ன ஊரினர் என்று சொல்வதற்கில்லை. அவர்கள் கண்விழிக்கிறார்கள், ஓடி வருகிறார்கள், கலைந்து போகிறார்கள். அதன்பின் கதைக்கு அவர்கள் தேவைப்படவில்லை.

கதையின் முடிச்சு, கொலைசெய்தவள் இறந்தவனுக்கு எழுதிய ஒரு கடிதம். அவள் சொல்வது பொய் என்பதற்கு அது சான்று. கடிதம் இறந்தவனோடு வாழ்ந்த பெண்ணின் கையில் இருக்கிறது. வழக்கறிஞர் அதனைப் பத்தாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கி மறைத்துவிடுகிறார். நேர்மைக்குப் பெயர்பெற்ற அம்மனிதர் தம் மனச்சான்றையும் சேர்த்தே விற்றுவிடுகிறார் என்பதைப் படம் ஒளிவின்றிக் காட்டுகிறது. இவ்வகையில் அது வெள்ளையர் சமுதாயத்தைப் புகழ்வதற்காக எடுக்கப்பட்ட படமன்று. அதன் போலித்தனத்தை உள்ளிருந்தே அம்பலப்படுத்துவது. இதனை ஏற்றுக்கொண்டே மேலே செல்லவேண்டும்.

மாமின் கதையில் அப்பெண் சீனத்தி. இறந்தவனோடு மணமின்றி வாழ்ந்தவள். 1940ஆம் ஆண்டுப் படத்தில் அவள் யூரேசியப் பெண். முறைப்படி மணந்த மனைவி. ஏன் இந்த மாற்றம்? அமெரிக்கத் திரைப்பட உலகம் 1930இல் ஒழுக்க விதிகளை வகுத்துக்கொண்டது. 1934 முதல் அவை கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தன. வெவ்வேறு இனத்தார் கூடி வாழ்வதைக் காட்டலாகாது என்பது அவற்றுள் ஒன்று. விதியின் எழுத்து வெள்ளையரையும் கறுப்பரையும் பற்றியதாயினும், ஆசியர்மீதும் அது நடைமுறையில் பாய்ந்தது. கொலையும் பிறன்மனை நயத்தலும் தண்டனை பெறாமல் தப்பிவிடலாகாது என்பது மற்றொரு விதி. கதையின் நாயகி விடுதலை பெற்று, தான் செய்ததை நெஞ்சில் சுமந்து வாழ்கிறாள். படத்தின் நாயகியோ இறந்தவனின் மனைவியால் கத்தியால் குத்தப்பட்டுச் சாகிறாள். குத்தியவளைக் காவலர் பிடித்துச் செல்கிறார். இரண்டு பெண்களின் கணக்கும் தீர்ந்தது, தணிக்கையாளர்க்கு நிறைவு. அந்த யூரேசியப் பெண்ணாக நடித்தவரோ டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய குடும்பத்தில் பிறந்த கேல் சாண்டர்கார்டு.

இம்மாற்றத்தில் எதிர்பாராத ஒரு நீதி விளைந்துவிட்டது என்பது என் கருத்து. தணிக்கைக்கு அஞ்சி அவளை மனைவியாக்கினார்கள். மனைவியானதும் அவளுக்கு ஒரு நிலை கிடைத்துவிட்டது. இப்போது அவள் கைம்பெண், துயரப்பட உரிமை உடையவள், வஞ்சிக்கப்பட்டவள். வெள்ளைப் பெண்ணே இடையில் புகுந்தவள். கடிதத்தைத் தன் கையாலேயே வந்து வாங்கவேண்டும் என்று அவள் நிபந்தனை விதிக்கிறாள். வந்தவளின் காலடியில் கடிதத்தை எறிகிறாள். வெள்ளைப் பெண் குனிந்து எடுக்கிறாள். அக்குனிவில் ஓர் உலகமே ஒரு கணம் தலைகீழாகிறது. ஆயினும், அவளுக்கு வாய்ச்சொல் கொடுக்க மட்டும் படத்துக்கு மனம் வரவில்லை. அவள் ஆங்கிலம் பேசுவதில்லை. வழக்கறிஞரின் எழுத்தர் இடைநின்று மொழிபெயர்க்கிறார். அவள் முகத்தைக் கல்லாகவும் கண்ணை நெருப்பாகவும் காட்டியதோடு சரி. கணவனை இழந்த பெண் எப்படி அழுதாள் என்பதை நாம் காணவேயில்லை.

கண்ணகியின் வழக்குரை காதையைப் பாடம் சொல்லும் நம்மவர்க்கு இவ்வேறுபாடு உடனே புலப்படும். கணவனைப் பறிகொடுத்தவள் அரசவையில் நின்று தன் பெயரையும் ஊரையும் தன் வாயால் சொல்லும் காட்சி நம் காப்பியத்தின் உச்சி. இந்தக் கைம்பெண்ணுக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை.

இப்போது முதல் வினாவுக்கு வருவோம். அக்காலச் சமுதாயம் எதனை விலக்கியது?

1909இல் இங்கிலாந்தின் காலனித்துறை அமைச்சர் குரூ பிரபு தம் அலுவலர்க்கு ஒரு மறைவான சுற்றறிக்கை அனுப்பினார். சுதேசிப் பெண்களை ஆசைநாயகியராக வைத்துக்கொள்வதை அது கண்டித்தது. படிப்பவர் ‘நல்லதுதானே’ என்பர். காரணத்தையும் படிக்கவேண்டும். இத்தகைய உறவு அலுவலரின் மதிப்பைக் குறைக்கும், ஆட்சியின் அதிகாரத்தைத் தளர்த்தும் என்பதே அதன் கவலை. அப்பெண்ணுக்கு இழைக்கப்படும் தீங்கு அங்கே எடைக்கு வரவில்லை. தோட்டத் துரைமார் அரசு அலுவலர் அல்லர். அவர்களை அச்சுற்றறிக்கை கட்டுப்படுத்தவும் இல்லை. தோட்டக் கம்பெனிகள் புதிதாக வந்த சின்னத்துரைமார் சில ஆண்டுகள் மணம் முடிக்கக்கூடாது என்றே விதித்திருந்தன. வெள்ளை மனைவியைப் பேணும் அளவுக்குச் சம்பளம் கொடுக்கக் கம்பெனிக்கு விருப்பமில்லை. திருமணத்தைத் தடுத்தார்கள், திருமணமல்லாத உறவைக் கண்டும் காணாதிருந்தார்கள். மாமின் மற்றொரு கதை இதனையே பேசுகிறது. கணவன் முன்னரே மலாய்ப் பெண் ஒருத்தியோடு வாழ்ந்து பிள்ளைகள் பெற்றவன் என்று அறிந்த ஆங்கில மனைவி அவனை விட்டுப் போகிறாள். வாசகரின் இரக்கம் கணவன்மீதும் மனைவிமீதும் பங்கிடப்படுகிறது. பிள்ளைகளோடு வீட்டு வாயிலில் நின்ற தாய்க்கு மிஞ்சுவது குறைவே.

ஆக, கோடு கிழிக்கப்பட்டது உடல்களுக்கு இடையே அன்று, மேசைகளுக்கு இடையே. ஒரு வெள்ளையன் ஒரு பெண்ணை வைத்துக்கொள்ளலாம். அவளை மனைவி என்று அழைத்து மன்றத்து விருந்துக்குக் கூட்டி வரலாகாது. விலக்கப்பட்டது தீண்டல் அன்று, சமத்துவமே. இதனைத் தடுக்கப்பட்ட காதல் என்று பெயரிட்டுத் திரையில் காட்டும்போது, தடுக்கப்படாத பெருந்தீங்கு ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

அத்தீங்குக்குச் சான்று வேண்டுவோர் வெகுதொலைவு செல்லவேண்டியதில்லை. கிள்ளானுக்குச் சென்றால் போதும்.

‘தி லெட்டர்’ அமெரிக்காவில் வெளிவந்தது 1940 நவம்பரில். அதற்கு அடுத்த ஆண்டு, 1941 மார்ச்சு முதல் மே வரை, கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களை ஒன்று திரட்டியவர்களுள் முதன்மையானவர் ஆர். எச். நாதன். ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றியவர். மலாயா மத்திய இந்தியர் சங்கத்தைச் சார்ந்தவர். மே மாதம் அவர் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அதனால் கிளர்ச்சி மேலும் பரவியது. படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

அத்தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளைத் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் படித்திருத்தல் வேண்டும். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை அவற்றுள் உள்ளன. துரைமார் முன்னும் அலுவலர் முன்னும் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டியதில்லை என்பதும் ஒன்று. மற்றொன்று, ஐரோப்பியரும் ஆசிய அலுவலரும் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொள்வதை நிறுத்த வேண்டும் என்பது.

கூலிக்கும் கல்விக்கும் கள்ளுக்கடைக்கும் நடுவே இக்கோரிக்கை நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். எழுத்தறிவு குறைந்த மக்கள், நாடுகடத்தலுக்கும் துப்பாக்கிக்கும் அஞ்சாமல், தம் பெண்கள் படும் இழிவை ஊரறிய ஒரு தாளில் எழுத இசைந்தார்கள் என்றால், அவ்விழிவு எத்தனை நாள் எத்தனை லயங்களில் நெஞ்சுக்குள் புதைக்கப்பட்டிருக்கும்! மானத்தைப் பெரிதென மதிக்கும் குடும்பம் இத்தகைய செய்தியை வாய்விட்டுச் சொல்லாது. சொல்லாமை தாங்காமல்தான் சொன்னார்கள்.

திரைப்படத்திலும் ஒரு தாள். இங்கும் ஒரு தாள். அங்கே ஒரு வெள்ளைப் பெண்ணின் கடிதம் பத்தாயிரம் வெள்ளிக்கு விலைபோயிற்று. இங்கே எழுதியவர்கள் தாமே விலை கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தைச் சுற்றிப் பல படைப்புகள் எழுந்தன. இந்தக் கோரிக்கையைச் சுற்றி உலகம் அறிந்த ஒரு திரைப்படமும் எழவில்லை.

‘துரைக்கும் தோட்டத்துப் பெண்ணுக்கும் இடையே மெய்யான அன்பே தோன்றியிருக்க முடியாதா?’ என்று ஒருவர் கேட்கலாம். தோன்றியிருக்கலாம். மனித நெஞ்சம் இன வேலிக்கு முற்றிலும் அடங்குவதன்று. சுதேசிப் பெண்ணை முறையாக மணந்து, பிள்ளைகளுக்குத் தம் பெயரைக் கொடுத்து, தம் இனத்தாரின் புறக்கணிப்பைத் தாங்கி வாழ்ந்த வெள்ளையரும் ஆசியாவில் இருந்தனர். அவர்களை மறைப்பது நேர்மையாகாது. ஆனால், அறநெறி கேட்கும் கேள்வி அன்பு தோன்றியதா என்பது மட்டுமன்று. மறுக்கும் உரிமை இருந்ததா என்பதே அதனினும் முந்திய கேள்வி. குடியிருக்கும் லயம் துரையின் கையில். நாட்கூலி துரையின் கையில். கணவனுக்கு நாளை எந்த நிரை வெட்டக் கிடைக்கும் என்பது கங்காணியின் கையில். மாட்டேன் என்று சொன்னால் மூட்டை கட்டவேண்டியிருக்கும் ஒருத்தி, சரி என்று சொன்னால் அதனை இசைவு என்று எழுதிக்கொள்ளலாமா? அதிகாரம் உடையவன் தன் உள்ளத்தில் மெய்யாகவே காதல் கொண்டிருந்தாலும், எதிரே நிற்பவளின் உள்ளத்தை அவனால் அறிய முடியாது. அச்சமும் அன்பும் ஒரே முகத்தை அணிந்துகொண்டு நிற்கும் இடம் அது. இனவேற்றுமை செய்த கொடுமைகளுள் இதுவும் ஒன்று என்பேன். அது மெய்யன்பையும் நம்பமுடியாததாக்கிவிட்டது.

கோரிக்கையில் ‘ஆசிய அலுவலரும்’ என்ற சொற்கள் இருப்பதையும் விரைந்து கடந்துவிடலாகாது. கிராணிமாரும் கங்காணிமாரும் நம்மோடு மொழியாலோ நிறத்தாலோ உறவுடையவர்கள். அவர்கள் வீடு ஒருபுறம், லயம் மறுபுறம். வெள்ளையன் கிழித்த கோட்டுக்குக் கீழே நாமும் சிறுசிறு கோடுகள் கிழித்துக்கொண்டோம். கப்பலேறி வந்த சாதியும் அவற்றுள் ஒன்று.

நம் இலக்கணத்தையும் இவ்விடத்தில் திறந்து பார்ப்பது தகும். தொல்காப்பியம் தலைமக்களுக்குப் பத்து வகை ஒப்புமை கூறுகிறது. பிறப்பும் குடிமையும் அவற்றின் முன்வரிசையில் நிற்கின்றன. அன்பின் ஐந்திணைக்கு உரியோர் ஒத்த நிலையினர். அடியோரும் வினைவலரும், அதாவது பிறர்க்குப் பணிசெய்வோரும் ஏவல்வழி நிற்போரும், காதல் ஒழுக்கத்துக்கு உரியராவதற்குத் தடையில்லை. ஆனால், ஐந்திணைக்குப் புறமான கைக்கிளையிலும் பெருந்திணையிலுமே அவர்க்கு இடம். உரையாசிரியர்கள் இதற்குக் காரணம் காட்டுகின்றனர். பிறர் ஏவலுக்கு உட்பட்டவர் அறமும் பொருளும் இன்பமும் வழுவாமல் நிகழ்த்த இயலாது என்பது அதன் சாரம். இதனைச் சொல்லி நம் முன்னோரைப் பழிப்பது என் நோக்கமன்று. ஒரு வகையில், தன்னுரிமை இல்லாதவனுக்குக் காதலில் முழுமை வாய்க்காது என்ற கசப்பான உண்மையை அவர்கள் அறிந்தே எழுதியிருக்கின்றனர். ஆனால், அந்த உண்மையைக் கண்டவர்கள் ஏவலை மாற்ற எண்ணவில்லை. காதலின் இலக்கணத்தை வரையறுத்துவிட்டு நின்றார்கள். பால்மரக் காட்டில் மனம் ஒத்து வாழ்ந்த எம் பாட்டனும் பாட்டியும் எந்தத் திணை? வகுப்பில் ஒரு மாணவி இப்படிக் கேட்டால் ஆசிரியர் என்ன விடை சொல்வார் என்று நான் அடிக்கடி எண்ணியதுண்டு.

மலாயாவுக்கு வெளியேயும் நம்மவரைப் படக்கருவி இப்படியேதான் பார்த்திருக்கிறது. 1954இல் வந்த ‘எலிபெண்ட் வாக்’ இலங்கைத் தேயிலைத் தோட்டக் கதை. எலிசபெத் டெய்லர் துரைசானி. காதல் முக்கோணம் முழுவதும் வெள்ளையருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. தோட்டத்து மக்கள் கொள்ளைநோயில் வீழும் கூட்டமாகவே வருகின்றனர். 1956இல் வந்த ‘பவானி ஜங்ஷன்’ சற்று மேலானது. இந்திய இரயில்வேயில் பணிசெய்த ஆங்கிலோ இந்தியர் வாழ்வைப் பேசுவது. இரயில்வே குடியிருப்புகளால் வளர்ந்த பிரிக்பீல்ட்ஸ் மக்களுக்கு அச்சூழல் அயலானதன்று. நாயகி சீக்கிய இளைஞனை மணக்க எண்ணுகிறாள், பின் விலகுகிறாள். மூலநாவலில் அவள் தன் இனத்தானிடமே திரும்புகிறாள்; படத்தில் ஆங்கிலத் தளபதிக்கு உரியவளாகிறாள். யாருக்கு அவளைக் கொடுப்பது என்பதை இருவர் இருவகையாக முடிவு செய்தார்கள்.

மலாய்த் திரையுலகில் இக்கோடு வேறு வடிவம் கொண்டது. பி. ரம்லி 1960இல் இயக்கி நடித்த ‘அந்தாரா டுவா டர்ஜாட்’ இரு தகுதிநிலைகளுக்கு இடையே என்று பொருள்படுவது. அரச குலத்துப் பெண்ணை விரும்பிய எளிய இசைக்கலைஞன் கதை. அவனைப் பிரிப்பவர் வெள்ளையர் அல்லர், அவளுடைய குடும்பத்தாரே. பி. ரம்லியை முதன்முதல் கதாநாயகன் ஆக்கியது 1950ஆம் ஆண்டு ‘பக்தி’ படம். அதை இயக்கிய எல். கிருஷ்ணன் சென்னையில் பிறந்து இந்நாட்டுக்கு வந்தவர். நம்மவர் படக்கருவிக்குப் பின்னே நின்றார்கள். காதல் கதைகளை அழகுற எடுத்தார்கள். படக்கருவிக்கு முன்னே தமிழர் காதல் வந்து நிற்க மேலும் பல்லாண்டுகள் ஆயின.

2009இல் யாஸ்மின் அகமட் இயக்கிய ‘டேலண்டைம்’ வெளிவந்தது; அதே ஆண்டில் அவர் மறைந்தார். அதில் மகேஷ் என்னும் இந்திய இளைஞன் மெலூர் என்னும் மாணவியை விரும்புகிறான். அவள் மலாய்க்காரக் குடும்பத்தினள். அவனுக்குச் செவிப்புலன் இல்லை, வாய்பேசவும் இயலாது. பழைய படங்களில் நம்மவர்க்குப் பேச்சு இல்லை, யாரும் எழுதித் தரவில்லையாதலால். இவனுக்குப் பேச்சு இல்லை. ஆனால், படம் முழுவதும் அவன் கைகள் பேசுகின்றன, பார்ப்போர் அதனைப் படித்துக்கொள்ள நேர்கிறது. மோட்டார் சைக்கிளில் அவளைப் பின்னே அமர்த்தி ஒத்திகைக்கு அழைத்துச் செல்கிறான். யாருக்காகவும் இறங்கி நிற்கவில்லை.

தடுப்பவர் இங்கே அவனுடைய தாய். தன் உடன்பிறந்தவனைத் திருமணக் கோலத்தில் பறிகொடுத்த துயரம் ஆறாதவள். மகனை அடிக்கிறாள், கதறுகிறாள். அவள் செய்வது சரியென்று எவரும் சொல்லமாட்டார். மகனின் காதலை மறுக்க அவளுக்கு அறத்தில் இடமில்லை. இழப்பின் பெயரால் எழுப்பினாலும் வேலி வேலியே. ஆயினும், இத்தனை படங்களையும் வரிசையாகப் பார்த்து வந்தவர் அவளிடம் சற்று நின்றுதான் ஆகவேண்டும். அவள் கொட்டகையில் உறங்கி எழுந்து கலைந்துபோகும் உருவம் அல்லள். இடைநின்று மொழிபெயர்ப்பார் ஒருவருக்காகக் காத்திருப்பவளும் அல்லள். அவள் ஏன் அழுகிறாள் என்பதைப் படம் நமக்குச் சொல்லிவிட்டது. அவளோடு வழக்காடலாம்; அவள் விடையும் சொல்வாள்.